நிபந்தனை எட்டு

உழுதவள் கணக்குப் பார்த்தே ஆக வேண்டும்:
நிபந்தனை எட்டு.
உழக்கு மிஞ்சினால்
மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு
திருப்பித் தந்துவிட வேண்டும்:
எட்டு, உட்பிரிவு ஆ.

டண்டீ நகரத்து மேட்டுத் தெருவில்
சலவைக்கடை இடிந்த மனையில்
பதினாறு பாத்தி, ஒரு பாலித்தீன் கூடாரம்,
கதவு சரியாக மூடாத கன்டெய்னர்.
உள்ளே மண்வெட்டிகளுக்கு நடுவில் நான்.
மடியில் கணினி,
விரல்நுனி வெட்டிய கையுறை.

பயனாளிகள் எத்தனை பேர்?
நாற்பத்து மூன்று.
நத்தைகளைச் சேர்க்கவில்லை.

வருமானம்?
கீரைப் பை ஒன்று இரண்டரை பவுண்டு,
துறைமுகத்துக் காபிக்கடைக்கு வாரம் முப்பது பை.
கடைக்கார லாக்லன் நல்லவர்,
பணம் தவிர எல்லாம் தருவார்.
நவம்பர் பில்லுக்கு
இன்னும் கேக் துண்டுதான் வந்துகொண்டிருக்கிறது.

மூன்றே ஆண்டில் தன் காலில் நிற்கும் என்று
விண்ணப்பத்தில் எழுதியது என் கைதான்.
அப்போது இந்த மண்ணை எனக்குத் தெரியாது.
ஒரு முழம் தோண்டினால் செங்கல்,
இரண்டு முழத்தில்
சலவை இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக் கதவு.
அதைக் கழுவிச் சன்னலாகப் பொருத்தினாள் செலாம்,
கோழி இல்லாத கோழிக்கூண்டுக்கு.
கூண்டுக்கு நிதி வந்துவிட்டது.
கோழிக்குத்தான் இன்னும் அனுமதி வரவில்லை.

அடுத்தது மனநலக் கட்டம்.
ஒன்று முதல் பத்துக்குள்
இன்று நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?
சேர்ந்த அன்று டூகல்ட் போட்டது ஏழு.
இப்போது நான்கு.
நடுவில் அவருடைய நாய் செத்துப்போனது.

அட்டவணை சிவப்பாகிறது:
தோட்டம் ஒரு மனிதரை
மூன்று புள்ளி வாட்டியிருக்கிறது.
நான்கை ஒன்பதாக்க அரை நொடி போதும்.
எவரும் இந்த மேடேறி வந்து
அவர் மனதை அளக்கப் போவதில்லை.

விரல் அங்கேயே நின்றது.

நாய் செத்த மறுநாளும் எட்டரைக்கு வந்தார்.
இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டியவர்,
பிந்தி வரத் தெரியாது.
உரக்குவியலைப் புரட்டினார்.
ஆவி எழுந்தது.
குவியலின் விலாவில் உள்ளங்கையை வைத்து
அப்படியே நின்றார்,
ரொம்ப நேரம்.
"சூடா இருக்கு" என்றார்.
அன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

நான்கு நான்காகவே இருக்கட்டும்.
பிற குறிப்புகள், இருநூறு எழுத்துக்கு மிகாமல்:
உரக்குவியல் நன்றாக வேலை செய்கிறது.

செலாம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.
அஸ்மாராவில் கணக்கு வாத்தியார்,
இங்கே சம்பளம் வாங்கச் சட்டம் இடம் தராது,
பஸ் கட்டணம் மட்டும், அதுவும் ரசீது காட்டினால்.
"விதைக்கிழங்கை ரெண்டு தடவை கழிச்சிருக்கே."
பார்த்தேன். ஆமாம்.
பதினொரு பவுண்டு நாற்பது பென்ஸ்
செலவாகாமல் கிடந்தது.
உழக்கு.

எங்களுக்கு ஒரே பட்டம்தான்,
ஏப்ரல் முதல் மார்ச் வரை, நிதிப் பட்டம்.
அவரைக்கு அது புரியாது.
நவம்பரில் ஊன்றியது
பனியைத் தாண்டி ஒரு சாண் நிற்கிறது.
காய்க்க ஜூன் ஆகும்.
திட்டம் முடிந்து எழுபது எண்பது நாள் கழித்து,
யார் கணக்கிலும் வராத காய்.
கொடிக்கு இல்லை, தண்டுதான்.
ஆனாலும் கட்டாவிட்டால்
கடல்காற்று படுக்க வைத்துவிடும்.

கடை மூட நாற்பது நிமிடம்.
டூகல்ட் இறக்கத்தில் நடந்தார்,
வாடகை டாக்ஸிக்கு விதியில் இடமில்லை.
சணல் கயிறு நான்கு உருண்டையோடு திரும்பினார்.
உலகத்துக்கே சாக்கு நெய்த ஊரில்
உறையைத் திருப்பிப் பார்த்தால்
வங்கதேசம் என்று இருந்தது.

ரசீதை ஒட்டினேன். தேதி சரி, தொகை சரி.
எந்த நோக்கத்துக்காக என்ற கட்டத்தில்
ஜூன் என்று எழுதினேன்.

லாக்லன் இன்னும் போனை எடுக்கவில்லை.