தூவானம் ஏழு

பிள்ளைக் காம்பராவில் தொட்டில் கொக்கிகள் அப்படியே இருந்தன.
வயர்களை அவற்றில் தொங்கவிட்டோம்.
அட்டன் வங்கி கழித்துவிட்ட பெட்டிகள் ஆறு
கொழுந்து லொறியில், ஈரச் சாக்குகளுக்கு நடுவில் வந்தன.
ஐந்துக்கு உயிர் வந்தது.
ஆறாவதன் மேல் பணிஸ் தட்டை வைத்தோம்.

நான் தலவாக்கலையில் போன் திருத்துகிறவன்.
கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.
தாளில் எழுதி வந்திருந்தேன்:
‘வணக்கம். இது தூவானம் என்ற இயங்குதளம், ஏழாம் பதிப்பு.’
‘எங்க இயங்குது?’ என்றாள் பூமாதேவி.
இரவு முறை முடித்து நேரே வந்தவள்,
புருவத்தில் இன்னும் தேயிலைத் தூசி.
தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

‘காலையில பிரட்டுல நின்னு
யாரு எந்த மலைக்குன்னு பிரிச்சு விடுவாங்கல்ல,
அதுதான் பெட்டிக்குள்ள இதோட வேல.’
‘அப்ப கங்காணி.’
‘கங்காணிதான். ஆனா இவன் கணக்க
யாரு வேணும்னாலும் தெறந்து பாக்கலாம்.
புடிக்கலேன்னா திருத்தலாம்.’
எல்லோரும் சிரித்தார்கள்.
அப்படியொரு கங்காணியை
இந்த மலையில் யாரும் கண்டதில்லை.

‘எவ்வளவு?’
‘சும்மா.’
சிரிப்பு நின்றது.
தேர்தலுக்கு முந்திய வாரம்
சும்மா வந்த கூரைத் தகரங்களுக்கு
என்ன விலை கொடுத்தோம் என்று
எல்லோருக்கும் தெரியும்.
மூடுபனிகூடக் கதவருகே நின்று யோசித்தது.

மறுமொழி சொல்லத் தெரியவில்லை.
விசைக்குச்சியைச் செருகினேன்.

மொழி கேட்டது முதலில்.
ஞாயிறிலும் காக்கிச் சட்டையோடு வந்திருந்த
தபால்காரர் குலரத்ன சிங்களத்தைத் தொட்டார்.
பக்கத்துப் பெட்டியில் ரீட்டாமேரி தமிழைத் தொட்டாள்.
இரண்டுக்கும் மின்சாரம் ஒரே பிளக்கில்.

பாலர் பாடசாலை டீச்சர் அவள், சத்தமாக வாசித்தாள்:
‘புதிய கோப்பி.’
‘கோப்பு, டீச்சர்.’
‘கோப்பின்னுதான் தெரியுது.’
விட்டுவிட்டேன். தேயிலைக்கு முன்னால்
இங்கே எல்லாமே கோப்பிதானே,
இந்த எழுத்துப் பிழைக்கு
நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வயது.

குறைகளையும் சொன்னேன், மறைக்கவில்லை:
பிரிண்டர் சில நேரம் கோபித்துக்கொள்ளும்.
மூடிவைத்துத் திறந்தால் சத்தம் வராது,
காதில் தட்டுவது போல ஒரு தட்டு தட்டணும்.
‘அவசரப்பட்டு வெளியிட்டாங்களா?’
‘இல்ல. எழுதுறவங்களுக்கும் பகல்ல வேற வேல இருக்கு.’
அதைக் கேட்டுத்தான் பூமாதேவி
நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

உங்கள் பெயர்? என்றது திரை.
அவள் கை நின்றது.
செக்ரோலில் அவளுக்கு இருநூற்றுப் பதினெட்டு.
கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர் விழுந்த காலமும் உண்டு,
மலையை விட்டு ஃபெக்டரிக்கு வருமுன்.
‘முழுசா போடலாமா?’
‘போடுங்க.’
ஒரு விரலால்,
எழுத்தைத் தேடித் தேடி,
அப்பன் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்தாள்.

கடவுச்சொல் கேட்டபோது
திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
பார்க்க எதுவுமில்லை, பனிதான்.

அறுபத்துமூன்று சதவீதத்தில் கரண்ட் போனது.
யாரும் எழும்பவில்லை.
இருட்டில் பணிஸ் தட்டு கைமாறும் சத்தம்.
குலரத்ன தீக்குச்சி கிழித்து
பெட்டிக்குக் காயமா என்று பார்ப்பவர்போல் குனிந்தார்.

கரண்ட் வந்ததும் முதலிலிருந்து.
இந்த முறை நான் தொடவில்லை.

கடைசியில் அவள் ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து
எதையும் எழுதாமல் மூடினாள்.
வலது பொத்தானை அழுத்தச் சொன்னேன்.
பண்புகள் என்று ஒரு சின்னப் பெட்டி.
அளவு: பூச்சியம்.
உரிமையாளர்: மு. பூமாதேவி.

எங்கள் லயத்தில் எந்தக் காம்பராவுக்கும் உறுதி கிடையாது.
அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
விசைக்குச்சியைக் கழற்றி, ஊதி,
‘இத பக்கத்து டிவிஷனுக்குக் குடுத்தா
குத்தமில்லயே?’ என்றாள்.

குடுக்கத்தான் இது, என்றேன்.
அதற்குள் அது அவள் கைப்பைக்குள் போய்விட்டது.