வார்ப்பு எண்

கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க
கிரீசுக்கு அடியிலிருந்து ஒரு மூன்று.
எட்டாகவும் இருக்கலாம்.
"டார்ச்சைச் சாய்த்துப் பிடி" என்கிறான் ஓரெஸ்ட்.
சஸ்காட்சுவானில் மைனஸ் இருபது.
என் மூச்சே எண்ணை மறைக்கிறது.

மூன்றுதான்.
அப்படியென்றால் இது இந்த லாரியின் எஞ்சினே இல்லை.
பள்ளிப் பேருந்திலிருந்து பிடுங்கி
எவனோ இதற்குள் இறக்கியிருக்கிறான்,
ஒரு போல்ட் குறைவாக.

நான்காம் சிலிண்டரில் நகம் தடுக்குகிறது.
பிஸ்டன், பேரிங், கடைசல் கூலி:
மூன்று கன்றுகளின் விலை.
பழைய இரும்புக்குப் போடலாம் என்கிறேன்.

அவன் பதில் பேசாமல்
கிராங்கில் ஸ்பானரை மாட்டி இழுக்கிறான்.
அசையவில்லை.
மறுபடி.
கால் சுற்று.

துருப்பிடித்த பிஸ்டன் ஒன்று
மெல்ல மேலேறி வந்து
டார்ச் வெளிச்சத்தில் நிற்கிறது.

சரி,
எந்த மூன்று கன்றுகள்?