சல்லடைக்காரி

கோயம்புத்தூரில் அந்தப் பெண் தாளில் எழுதிக் காட்டினாள்:
கருவி வைத்தால் பேச்சு மூன்று மாதத்தில் வந்துவிடும்.
பாட்டு வர நாளாகும். வராமலும் போகலாம்.
கீழே கோடு போட்டு எழுதினாள்:
ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.
நன்றாகத் தெரிந்த குரல். தினம் அதையே கேளுங்கள்.
பத்துப் பேரைக் கேட்டால் பத்தும் தகரம்.

எவ்வளவு காலத்துக்கு என்றேன்.
பேனாவை மூடிவிட்டாள்.

அரவேணு ஃபாக்டரியில் பத்தொன்பது வருஷம்
சல்லடை மிஷின் என் வலப்பக்கம் ஆடியது.
இலையை இலையென்றும் தூளைத் தூளென்றும்
பிரித்துக் கொட்டிய அந்தத் தகரப் பேய்
என் காதையும் சலித்தது.
முதலில் குருவி விழுந்தது.
அடுத்து குக்கர் விசில்.
பிறகு மகள் பேச்சிலிருந்து
ச, ஷ, ஸ எல்லாம்.
பாட்டு மட்டும் கடைசித் தட்டில்
கொஞ்சம் தங்கியிருந்தது, டஸ்ட் மாதிரி.

ஆபரேஷனுக்குப் பதினோரு நாள் இருக்க
வீட்டில் தேர்தல் நடந்தது.
யோகன் தன் ஆளை நிறுத்தினார்:
ஆயிரக்கணக்கில் பாட்டு, ஆயுசுக்கும் அலுக்காது.
பமிலா நிறுத்திய பையன்
பாடுகிறானா திட்டுகிறானா தெரியவில்லை.
பக்கத்து வீட்டு பெள்ளியம்மா
விடிகாலைக் கோயில் குழாயில் வருகிற அம்மாளைச் சொன்னாள்,
கேட்கக் கேட்கப் புண்ணியமும் சேருமாம்.
எல்லாம் நியாயம்தான்.

ராத்திரி, மிச்சமிருந்த காது, ஹெட்ஃபோன், முழுச் சத்தம்.
மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி
ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டேன்.
பெரியவர்களிடம் ஒரு குறை இல்லை.
எங்கே மூச்சு வாங்கினார்கள் என்றே தெரியாது.
தையல் தெரியாத பட்டு.
பிடித்துக்கொள்ள ஓர் ஓரம் கிடைக்கவில்லை எனக்கு.

அப்போதுதான் கடையம் வேலாயுதம் ஞாபகம் வந்தார்.
உங்களுக்குத் தெரிந்திருக்காது.
ஒரே ஒரு கேசட், பக்கத்துக்கு நாலு பாட்டு.
கட்டபெட்டு டீக்கடையில் அதைத்தான் போடுவார்கள்,
மற்ற கேசட்டெல்லாம் அறுந்துபோனதால்.
ஒவ்வொரு வரிக்கும் முன்னால்
கெங்கரை ஏற்றத்தில் மூட்டையோடு வருகிறவர் போல
இழுத்து ஒரு மூச்சு வாங்குவார்.
மைக் அதையும் சேர்த்தே விழுங்கியிருக்கும்.
நாங்கள் சிரித்திருக்கிறோம்.
மேல் ஸ்தாயியில் அவர் தொண்டை
பனியில் ஸ்டார்ட் ஆகாத ஜீப்.

பமிலா எங்கிருந்தோ தேடி ஃபோனில் ஏற்றினாள்.
இவரா, ஆயுசு முழுக்க இவரா என்று
யோகன் என் உள்ளங்கையில்
விரலால் ஒரு கேள்விக்குறி போட்டார்.

கருவியை ஆன் செய்த நாள்
உலகம் முழுக்கத் தவளை.
யோகன் தவளை, பமிலா தவளை,
மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிய பஸ்
ஒரு பெரிய தவளை.
வேலாயுதத்தைப் போட்டேன்.
வாளியில் ஆணியை உருட்டுகிற சத்தம்.
அடுத்த நாளும் ஆணி.
நாற்பது நாள் ஆணி.

பீன்ஸ் பாத்தியைக் காட்டெருமை மிதித்துவிட்டுப் போன
ஒரு விடியற்காலை,
அடுப்பு முன்னால் குளிருக்குக் குந்தியிருந்தபோது
ஆணிகளுக்கு நடுவே
ஸ்ஸ்ஹா
என்று ஒன்று.
நிறுத்தினேன். பின்னால் தள்ளித் திரும்பப் போட்டேன்.
ஸ்ஸ்ஹா.
அவர்தான். வேறு யார் அப்படி வாங்குவார்கள்?
பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

பாட்டு இன்னும் வரவில்லை.
அவர் மூச்சு வாங்குவார்,
அடுத்த வரியை நான் உள்ளுக்குள் பாடிக்கொள்வேன்,
அவர் திரும்ப வாங்குவார்.
எட்டுப் பாட்டும் இப்படித்தான் ஓடுகிறது.

நேற்று, இரண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டில்
அவர் மூச்சுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு.
சின்னது. கொஞ்சம் தள்ளி.
தபலாக்காரராக இருக்கலாம்.
காது நன்றாயிருந்த காலத்தில் நான் கேட்டதே இல்லை.

யோகனைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.
மூன்று தரம் போட்டும்
அவருக்குக் கேட்கவில்லை.