கையுறையின் மூன்று விலை

படகிலிருந்து இறங்கும்போதே மழை.
சிலோயே தீவுகளில் மழையை யாரும் பேச்சுக்கு எடுப்பதில்லை.
என் நனைந்த கோப்பைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

சாந்தியாகோவிலிருந்து வருகிறேன்,
மத்தியக் கொள்முதல் சேவை.
நான் படியேறும் பத்தொன்பதாவது அரசு மருத்துவமனை இது.
பதினெட்டில் பதினொன்று கையெழுத்திட்டன,
நாலு யோசிக்கின்றன,
மூன்று காபி கொடுத்து அனுப்பின.

மருந்துக் கிடங்கின் பொறுப்பாளர் இஸ்மேனியா நவெல்கின்
காபியும் கொடுக்கவில்லை.
அடுப்போரம் நாற்காலியைக் காட்டி
"முதலில் காயட்டும்" என்றார்.
என்னைச் சொன்னாரா, கோப்பையா, தெரியவில்லை.

மேசைமேல் மூன்று கையுறைகள் வைத்தேன்.
ஒரே ஆலை, ஒரே முத்திரை,
முகர்ந்தால் ஒரே ரப்பர் வாசம்.
வடக்கே ஒரு ஆஸ்பத்திரி எங்கள் மூலம் வாங்குகிறது, அறுபது பெசோ.
நடுவில் ஒன்று தனியாக வாங்குகிறது, நூற்றுப் பத்து.
"நீங்கள் நூற்று நாற்பது."

தனித்தனியாகப் போனால்
ஆலை வாசலில் நாம் கடன் கேட்க வந்தவர்கள்.
எல்லாரும் சேர்ந்து போனால்
அவனே வந்து நாற்காலி போடுவான்.
இதை ஒப்பித்து ஒப்பித்து
தூக்கத்திலும் சொல்கிறேனாம்,
என் மனைவி சொன்னாள்.

இஸ்மேனியா ஒரு கையுறையை எடுத்து
வாய் வைத்து ஊதினார்.
ஐந்து விரலும் எழுந்து நின்றன.
ஓட்டை இல்லை.
"போன ஜூலை" என்றார்.

போன ஜூலை துறைமுகத்தை ஆறு நாள் அடைத்தார்கள்.
நாலாம் நாள் சலைன் தீர்ந்தது.
மன்சியா,
உங்கள் அறிக்கையில் 'இடைத்தரகர்' என்று இருக்குமே,
அவன்தான் மீன்படகில் முப்பது பெட்டி ஏற்றி வந்தான்.
இரண்டு பெட்டியைக் கடல் எடுத்துக்கொண்டது.
அதற்கும் சேர்த்தே பில் போட்டான்.
கொடுத்தேன்.
"உங்கள் கணக்கில் எண்பது பெசோ உதைக்கிறதல்லவா?
அது அந்தப் படகுக்கு."

என் கையேட்டில் பதினேழாம் பக்கம்
இதற்குப் பதில் உண்டு.
வாசிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.
ஈர விறகு சீறிக்கொண்டிருந்தது.

"ஆறு நாளுக்குச் சரி" என்றேன்.
"மிச்சம் முன்னூற்று ஐம்பத்தொன்பது நாளும்
கடல் சும்மாதானே கிடந்தது?"

அவர் கோபப்படவில்லை.
இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.
கடைசிப் பக்கத்தில் பென்சில் கணக்கு,
என் கணக்கேதான், எனக்கு முன்பே போட்டது.
ஆண்டுக்கு இரண்டு லட்சம் கையுறை, பெருக்கல் எண்பது.
விடைக்குக் கீழே ஒரே வார்த்தை:
மருத்துவச்சி.

இராத்திரி வலி கண்டால்
பெண்களைப் படகேற்றி அனுப்புகிற ஊர் இது.

படிவத்தை இழுத்தார். கையெழுத்திட்டார்.
பிறகு ஓரத்தில், அழுத்தி எழுதினார்:
'துறைமுகம் அடைத்தால் மன்சியாவிடம் வாங்குவேன்.
அன்றைக்கு விலை கேட்க மாட்டேன்.'

ஓரத்தில் எழுதியது செல்லாது என்பது விதி.
வாங்கிக் கோப்பில் வைத்தேன்.
திங்கட்கிழமை என் மேலாளரோடு
சண்டை போட வேண்டியிருக்கும்.
அந்த வரியைப் படிவத்தில் அச்சடிக்க வேண்டும்,
தீவுகள் எல்லாவற்றுக்கும்.

மாலைப் படகுக்குக் காத்திருந்தேன்.
கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து கேட்டான்,
"கையுறை அங்கே என்ன விலைக்கு எடுக்கிறீர்கள்?"
ஊருக்குள் செய்தி எனக்கு முன்பே நடந்திருந்தது.

"அறுபது."

மன்சியா விசிலடித்தான்.
கயிற்றைக் கீழே போட்டுவிட்டான்.
"அடப் பாவிகளா!
எனக்கே நூற்றிருபதுக்குத்தானே தருகிறார்கள்."