ஏழிலிருந்து எட்டு வரை

மார்ச் கடைசி வாரம்.
மதியம் ஒன்று பத்துக்கு
வண்டி நிறுத்துமிடத்து விளக்குக் கம்பத்துக்கு நிழல் கிடையாது.
சூரியன் உட்லண்ட்ஸுக்கு நேர் மேலே நின்று
யாரையும் பார்க்காமல் எரிகிறது.
இந்தச் சில வாரங்கள்தான்
பொழுது சாய்ந்த பிறகும் பத்து மீட்டர் அலைவரிசை
கதவைச் சாத்த மறந்துவிடும்.

அலமாரி மேலிருந்து தூண்டிலை இறக்குகிறேன்.
ஜொகூரில் வாங்கியது, ஒரு மீனையும் அறியாதது.
அதன் முதுகோடு செம்புக் கம்பி,
கருப்பு டேப், அதன்மேல் இன்னும் கருப்பு டேப்.
பதினோராம் மாடி.
கை நழுவினால் கீழே போவது தூண்டில் மட்டுமல்ல,
வீவகவோடு எனக்குள்ள உறவும்தான்.
அதனால் ஜன்னல் கம்பியில் ஒரு முடிச்சு,
முடிச்சுக்குக் காவலாக ஒரு முடிச்சு,
உன் இடுப்பிலும் ஒன்று என்கிறார் குணாளன்,
சிரிக்காமல்.

துணிக்கழி மாட்டும் குழாயில்
அளவெடுத்ததுபோல் நின்றுகொண்டது.
பக்கத்துக் குழாயில் மகளின் பள்ளிச் சீருடை
சொட்டிக்கொண்டிருக்கிறது.

அளவுமானி மூன்று என்றது.
இரண்டு விரற்கடை வெட்டினேன். இரண்டேகால்.
இன்னும் ஒன்று. ஒன்றரை.
இங்கே நிறுத்தத் தெரியவேண்டும்.
வெட்டிய கம்பி வளராது.
போன வருஷம் ஒன்றேகாலுக்கு ஆசைப்பட்டு
முழுக் கம்பியையும் குப்பையில் போட்டவள் நான்.

காதுபேசியை மாட்டினால்
ஈரப்பலகையை ரம்பம் அறுக்கும் சத்தம்.
உலகமே அதற்குப் பின்னால் பேசிக்கொண்டிருக்கலாம்.

பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோவைத் தூக்கிக்கொண்டு
தாழ்வாரம் தாழ்வாரமாக நடந்தேன்,
கதவுக்குக் கதவு காய்ச்சல் பார்க்கிறவள்போல.
லிஃப்ட் இல்லை.
திருமதி கோவின் மசாஜ் நாற்காலியும் இல்லை.
பத்தாம் மாடியில் ரேடியோ அலறியது.

திறந்தவர் ஹம்டான், பேருந்து ஓட்டுநர்.
கைலியோடு நின்றார்.
அவர் பின்னால் ஆறடித் தொட்டி,
போன வாரம் வாங்கிய ஊதா விளக்கு,
அதன் கீழே ஒரு அரோவானா
கடனெல்லாம் அடைத்துவிட்டவனைப்போல
மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

வானலை என்றேன். வைஃபையா என்றார்.
ரேடியோவை அவர் கையில் கொடுத்தேன்.
விளக்கை அணைத்தார்: அமைதி.
போட்டார்: ரம்பம்.
அணைத்தார். போட்டார். அணைத்தார்.
ஐந்தாவது தடவை சமையலறையிலிருந்து அவர் மனைவி
மலாயில் ஏதோ கேட்டாள்.
"மீன் பேசுது," என்றார் அவர்.

ஏழிலிருந்து எட்டு வரை அணைக்கிறேன்,
அதற்குமேல் இருட்டில் அது பயப்படும் என்றார்.
ஏப்ரல் பாதிவரை போதும்,
அப்புறம் மாலை இடி தொடங்கிவிடும்,
நானே கழற்றிவிடுவேன் என்றேன்.
கை குலுக்கினோம், நிலம் வாங்கியவர்கள்போல.

ஏழு மணி.
ஒன்பது, வி, ஒன்று: அது நாடு.
மீதி இரண்டெழுத்து நான்.
நான்கு கோடு, ஒரு புள்ளி என்று தொடங்கி
ஐந்து வாட்டில், ஒரு படுக்கையறை விளக்கின் தெம்பில்
சொன்னேன்.
சொன்னேன்.
சாப்பாட்டு மேசையடியில் ஓடும் எதிர்க்கம்பியை
மகள் தாண்டிப் போனாள், தாண்டி வந்தாள்.
சொன்னேன்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு, ஊசி முனையளவில்,
ஹொக்கைடோவிலிருந்து ஒருவர்.
மூன்று மூன்று ஒன்பது என்றார்:
கஷ்டப்பட்டுத்தான் கேட்கிறது,
ஆனால் சுத்தமாக இருக்கிறது என்று பொருள்.
இதைவிட நல்ல வார்த்தை
இந்த வாரம் யாரும் என்னிடம் சொல்லவில்லை.
இங்கே பனி, மைனஸ் இரண்டு என்றார்.
இங்கே முப்பது, துணி காயவில்லை என்றேன்.
ஆண்டெனா என்ன என்றார்.
தூண்டில் என்று அடித்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரே ஒரு கேள்விக்குறி.

விளக்கமாகச் சொல்லக் கையெடுத்தபோது
கீழ்வீட்டில் விளக்கு வந்தது.