வருகைப் பதிவு

முதல் நாள்
பயிற்சி நிலைய வாசலில் மாட்டியிருந்த கறுப்புப் பெட்டி
என் விரலைத் தொட்டுப் பார்த்துச் சொன்னது:
மீண்டும் முயற்சிக்கவும்.

கட்டைவிரல். ஆள்காட்டி. மோதிர விரல்.
சுடிதாரில் துடைத்து, ஊதி,
எச்சில் தொட்டு, இடது கையும் கொடுத்து.
மீண்டும் முயற்சிக்கவும்.

பின்னால் பதினேழு பையன்கள்,
எல்லாரும் ஐடிஐ, பாலிடெக்னிக்.
"அக்காக்க கைல ரேகையே இல்லியா?"
ஒருவன் கேட்டான்
கேலியாக அல்ல, நிஜமாகவே பயந்து.

இருந்தது, தம்பி.
பள்ளியாடி முந்திரி ஆலையில்
பதினோரு வருஷம் தோடு உடைத்தேன்.
முழுப் பருப்புக்கு ஒரு கூலி
பிளந்த பருப்புக்கு வேறு கூலி
தோட்டெண்ணெய்க்குக் கணக்கே கிடையாது.
அது தன் பங்கைத் தானே எடுத்துக்கொண்டது:
தோலை, ரேகையை,
ரேஷன் கடை மெஷினில் ரெஜிலா என்ற பெயரை.

ஆரல்வாய்மொழிக் காற்றிடம்
யாரும் கைநாட்டு கேட்பதில்லை.
கணவாய் வழியாக வருகிறது
இறகைத் தள்ளுகிறது
யூனிட் கணக்கில் ஏறிவிடுகிறது.
எனக்கு எண்பது சதவீதம் வருகை வேண்டும்.
குறைந்தால் சான்றிதழ் இல்லை
உதவித்தொகை இல்லை
மார்த்தாண்டத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்த காசும் போச்சு.

அலுவலகத்து டெல்சி
நீள நோட்டு ஒன்று எடுத்து எழுதினாள்:
'கைரேகை பதியவில்லை. ஆள் வந்திருக்கிறார்.'
மறுநாளும் எழுதினாள்.
மழையில் பேருந்து தக்கலையில் நின்றுபோய்
பதினொரு மணிக்கு ஓடி வந்த அன்றும்
ஆள் வந்திருக்கிறார்.

டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்றதும் நிறுத்த வேண்டும்.
அதற்கு மேல் ஓர் இழுப்பு இழுத்தால் போல்ட் கெட்டது.
ஓடு விரிகிற நொடி
பருப்பு பிளக்கிற நொடி
ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இடம்
என் கைக்கு ஏற்கெனவே தெரியும்.
பையன்கள் ஒன்பது போல்ட் கெடுத்தார்கள்.
நான் ஒன்று, அதுவும் தும்மியதில்.

உயரத்திலிருந்து ஆளை மீட்கப் பழகுவதற்கு
எழுபத்தைந்து கிலோவில் ஒரு பொம்மை.
அதற்குப் பையன்கள் வைத்த பெயர் கான்ட்ராக்டர்.
அதைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட
எப்போதும் ஆள் கிடைத்தது,
பத்திரமாக இறக்கும் முறை வந்தால்தான்
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

கோபுரத்துக்குள் ஏணி ஏறும்போது
வானம் கிடையாது.
இரும்பு, கிரீஸ் வாசம், நம் மூச்சு,
மேலே போகிறவனின் பூட்ஸ்.
எண்பது மீட்டரில் மூடியைத் திறந்தால்
தோவாளைப் பூந்தோட்டம் ஒரு கைக்குட்டை
கடல் ஒரு கோடு.
பள்ளியாடி தெரியவில்லை.
தெரியும் என்று நினைத்திருந்தேன்.

காற்று கூடினால் ஏறக்கூடாது.
ஆடியில் நாலு நாள் சும்மா உட்கார்ந்து
டிபன் டப்பா திறந்தோம், மூடினோம்,
வெளியே அத்தனை இறகும் ஓடிக்கொண்டிருந்தன.
காற்றாலைக்கு வேலை இருக்கிற நாளில்
காற்றாலைக்காரருக்கு வேலை இல்லை.

எட்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை,
பழக்கதோஷத்தில் விரலை வைத்தேன்.
பச்சை விளக்கு.
பதிவு செய்யப்பட்டது.

நம்பாமல் மறுபடி வைத்தேன்.
ஆலைக்குப் போவதற்கு முந்தின வருஷம்
ஆதாருக்குக் கொடுத்த அதே சுழி, அதே வளைவு.
இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று
விரலைத் திட்டத் தோன்றியது.
நோட்டும் பேனாவுமாக வந்த டெல்சி
என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றாள்.
"இன்னைக்கும் எழுது" என்றேன்.

வேலை உத்தரவு வந்தது.
ஆறு மாச ஒப்பந்தம்.
முப்பந்தல் மேற்கு வரிசை, இருபத்து மூன்று கோபுரம்.
ஏழாவது மாசத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.
கடைசி வரியில்
'கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை'.

பிளஸ் டூ படித்தவள்,
எனக்குக் கையெழுத்து நன்றாக வரும்.
மை இருக்கிறதா என்று கேட்டேன்.