முப்பத்தேழாம் கேள்வி

டோஃபின் நகர ஹொக்கி அரங்கின் மாடியறை.
பதினெட்டுக் கதிரைகள். பதினேழில் பிள்ளைகள்.
மிச்சமொன்றில் நான்,
முழங்கால் மேசையில் இடிக்க.

மிதுராவுக்குப் பன்னிரண்டு வயது.
தோழி தெஸ்ஸாவின் வீட்டார் மான் வேட்டைக்குப் போகிறார்களாம்,
தானும் போகவேணுமாம்.
துணைக்கு வருகிறவரும் சோதனை எழுதினால் நல்லது என்றார்கள்.
எழுதினாப் போச்சு.

டார்லீன் வசிலிஷின், வாரநாட்களில் தபால்காரி,
துவக்கை மேசையில் வைத்து
"இதில் தோட்டா இருக்கா?" என்றாள்.
இல்லை என்று கத்திய எல்லாரையும் வரிசையில் நிறுத்தி
திறக்கவைத்து, பார்க்கவைத்து,
சின்னவிரலால் தடவிப் பார்க்கவும் வைத்த பிறகுதான்
இடைவேளை விட்டாள். டோனட் ஆறிப்போயிருந்தது.

வேலி கடக்கும் பாடம் வெளியே, தூறலில்.
தோட்டாவை எடு.
குழல்வாய் உன்னைப் பாராமல் கம்பிக்கடியில் கிடத்து.
அதன் பிறகு நீ ஏறு.
தூங்கிப்போன தம்பியைக் கிடத்துவதுபோல
மிதுரா அதைப் புல்லில் கிடத்தினாள்.
நான் முள்ளுக்கம்பியில் மாட்டி
செம்மஞ்சள் மேலங்கி கிழிய நின்றேன்.

சோதனைத்தாளில் முப்பத்தேழாவது, ஒரு படம்:
குன்றின் உச்சியில் கொம்பு விரித்த மான்,
பின்னால் வானம்.
சுடலாமா?

மரமில்லை, மாடில்லை, மனிதரில்லை.
சுடலாம் என்று புள்ளடி போட்டேன்.

அவள் பாஸ்.
நான் ஒரேயொரு கேள்வியால் பெயில்.

கனோலா வெட்டிய வயல்களுக்கிடையே கார் ஓட்டினேன்.
"அப்பா, வானம் எண்டா ஒண்டுமில்லை எண்டு அர்த்தமில்லை.
குன்று மற்றப் பக்கம் இறங்குதெல்லே.
அங்க ஆர் நிக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியாது.
படாட்டிச் சன்னம் போய்க்கொண்டே இருக்கும்."

தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
மற்றப் பக்கத்தில்,
பனங்குற்றி அடுக்கிய பங்கருக்குள்
காதைப் பொத்திக்கொண்டு இருந்தது நான்தானே.
அன்றைக்கு எவனோ ஒருவன்
எங்கள் திசையைப் பார்த்து
வெறும் வானம் என்று நினைத்திருப்பான்.

புள்ளடி போட்ட விரல்
ஸ்டியரிங்கில் கனத்தது.

சொல்லவில்லை. விளக்குச் சந்தியில் நின்றோம்.
மறுசோதனை வியாழன் பின்னேரம் ஏழுக்கு.
பின்சீட்டில் கிடந்த கைநூலை எட்டி எடுத்து
உள்விளக்கைப் போட்டாள்.
"சரி அப்பா. முதலாம் கேள்வி."